ம்புயூனியில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

1

வசிப்புரிமை அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில், வரிசைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நானும் ரொம்ப அடக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அனுப்பிய வீடியோவைச் சத்தத்தைக் குறைக்காமல் தொட்டதுதான் தப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்து வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா மொத்தமும் டொடோமா அரசாங்க அலுவலகத்துக்குள் இறங்கிவிட்டது. உறுமி, தப்பு, ராட்டினக்காரரின் மைக், தீச்சட்டி ஏந்தி ஆடி வருகிறவர்கள், நடுவில் "ஏலே, வழிய விடுங்கடா" என்கிற அண்ணனின் குரல். அண்ணன் கை ஆடியதில் கோபுரமே ஆடியது.

எனக்குக் கால் நிற்கவில்லை. செருப்புக்குள்ளேயே விரல்கள் தாளம் போட்டன. பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்துத் தோளைக் குலுக்க ஆரம்பித்தார். அவருக்கு அடுத்தவரும் குலுக்கினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரி தலையைத் தூக்கி, இது அலுவலகமா கல்யாண வீடா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அந்த வீடியோவைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு, என் விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் வழியெல்லாம் புலம்பியிருப்பேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். ம்புயூனியில் எங்கள் குழாய் திறந்து அந்தத் திருவிழாவோடு சரியாக ஒரு வருஷம்.

2

ம்புயூனிக்குப் போகுமுன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வராணி, பிறந்தது காமயகவுண்டன்பட்டி. கணவருக்கு இங்கே டான்சானியாவில், டொடோமா நகரத்தில், சூரியகாந்தி எண்ணெய் ஆலையில் கணக்கு வேலை. "ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துருவோம்" என்று ஊரில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இன்னும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறோம்.

வந்த புதிதில் என்னை அசத்தியது சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. திராட்சை! டொடோமாவைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். பன்னீர் திராட்சைக் காட்டில் வளர்ந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் தங்கப்பாண்டிக்கு ஊரில் சொந்தத் தோட்டம். இங்கே கொடிக்குப் பந்தல் போடுவதில்லை, செடியாகவே குட்டையாக விட்டுவிடுகிறார்கள். "பந்தல் இல்லாம தரையோட கெடக்குது, இதென்ன தக்காளியா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் பந்தலைப் பிரித்தது போல.

மொழி இன்னொரு கூத்து. பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமூ" என்று சொல்லி வணங்க வேண்டும். மரியாதை நமக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று சந்தையில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் வாரி வழங்கினேன். முதுகில் துணியால் கட்டியிருந்த ஒரு கைக்குழந்தைக்கும் சொன்னேன். தக்காளிக் கடைக்காரிகள் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் எனக்குக் கூடுதலாக ஒரு தக்காளி போடுகிறார்கள்.

மகள் யாழினிக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. அவளுக்கு முதலில் சுவாஹிலி, பிறகு ஆங்கிலம், மிச்சம் மீதி இருந்தால் தமிழ். கோபம் வந்தால் சுவாஹிலியில் திட்டுகிறாள். எனக்குப் பாதிதான் புரிகிறது, அதுவும் நல்லதுக்குத்தான். போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்றபோது, "அம்மா, நீ போய் வா, நான் இங்க இருக்கேன்" என்றாள். ஏதோ நான் கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

3

ம்புயூனி, டொடோமாவிலிருந்து செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு போக வேண்டிய கிராமம். ஆலைக்குச் சூரியகாந்தி விதை வாங்கக் கணவர் போவார். ஒருமுறை வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை. காய்ந்த மணலில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, பெண்கள் உள்ளே இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டு மஞ்சள் கேன்களில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கேன் நிரம்புவதற்குள் நான் கொண்டுபோன கடலை தீர்ந்துவிட்டது. கேன்களின் வரிசை ஆற்று வளைவு வரைக்கும் இருந்தது.

குழியிலிருந்து ஏறி வந்த ஒருவர், விருந்தாளி என்று முதல் குவளைத் தண்ணீரை என்னிடம் நீட்டினார். மண்ணும் தண்ணீரும் சரிபாதி. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, குடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் வயிற்றில் நடந்ததை எழுதினால் யாரும் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். குவளையை நீட்டியவர் ஸ்டெலா. இங்கே தாயைத்தான் மாமா என்பார்கள், ஊரில் எல்லோரும் அவரை மாமா ஸ்டெலா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எனக்குப் பெரிய திட்டமெல்லாம் கிடையாது. அண்ணனிடம் புலம்பினேன், அவ்வளவுதான். அண்ணனும் அவரோடு பள்ளியில் படித்தவர்களும் சேர்ந்து ஒவ்வொரு சித்திரையிலும் வீரபாண்டியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர், மோர், பானகம். புலம்பி முடித்ததும் அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்.

"அங்கன ஒரு பந்தல் போட்டா என்னத்தா?"

நாலு பானையும் ஒரு கீற்றுக் கொட்டகையும் என்றுதான் அவர் மனதில் இருந்தது. பேசப் பேசப் பானை ஆழ்குழாய்க் கிணறானது, கீற்று சோலார் தகடானது, கொட்டகை உயரத் தொட்டியானது. ஏலக்காய் வியாபாரி, டீக்கடைக்காரர், சொட்டுநீர்க் குழாய்க் கடைக்காரர், திராட்சை போட்டவர், நெல் போட்டவர் எல்லோரும் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் அங்கன என்ன சாமி என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமலே கொடுத்தார். பார்த்தே இராத ஊருக்கு இப்படி அள்ளிக் கொடுக்கிற ஆட்களோடு பிறந்தேனே என்று சமையலறையில் தனியாகக் குதித்தேன்.

அண்ணன் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. இது அம்மன் பேரில் வைக்கிற பந்தல், ஒருத்தரிடமும் ஒரு காசு வாங்கக் கூடாது.

4

மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் இதற்கென்று ஓர் அதிகாரி இருந்தார், நேமா என்று பெயர். அவர் கொடுத்த விண்ணப்பத்தின் நான்காவது பக்கத்தில், குடத்துக்கு என்ன கட்டணம் என்று ஒரு கேள்வி. நான் பெருமையோடு சைபர் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பழுது வந்தால் யார் செலவு செய்வார்கள், குழாயைப் பார்த்துக்கொள்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டார்.

இதெல்லாம் புரிய வேண்டுமானால் அவருக்கு வீரபாண்டி புரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் சித்திரை வெயில், தீச்சட்டி, மோர் எல்லாவற்றையும் விளக்கினேன். எழுந்து நின்று ஊற்றியும் காட்டினேன். நேமா கவனமாகக் கேட்டார். அந்தப் பந்தல் எத்தனை நாள் இருக்கும் என்றார். திருவிழா நடக்கிற எட்டு நாளும் என்றேன்.

எட்டு நாளைக்கு என்றால் நானும்தான் இலவசமாகக் கொடுப்பேன், ஒன்பதாம் நாள் என்ன செய்வீர்கள் என்றார் அவர்.

என்னிடம் உற்சாகம்தான் நிறைய இருந்தது. நன்கொடையாளரின் நிபந்தனை, கட்டணம் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை மை காய்ந்து கிடந்தது. நேமா பெருமூச்சு விட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நாலு சொட்டு விட்டு அதை ஈரமாக்கிக் குத்தினார்.

5

திறப்பு நாளைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

தொட்டி வைக்க மாமா ஸ்டெலா தன் சோளக்காட்டில் ஒரு மூலையைக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரரின் தம்பிகள் சண்டைக்கு வந்தபோது, தண்ணீர்க் குழுவுக்கு நான்தான் தலைவி, நானே இடம் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார் என்று சொல்லிவிட்டாராம். தொட்டியில் வீரபாண்டி அம்மன் பேரைப் போட்டு "கௌமாரியம்மன் துணை" என்று தமிழில் எழுதியிருந்தோம். அதில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது என்று ஊரே நம்பியது. நானும் மறுக்கவில்லை. சோலார் தகட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கப் போனேன். வெயிலை மறைத்துவிடும் என்று பொருத்த வந்தவர் அலறினார். ஓரமாக ஒரு பொட்டு மட்டும் வைத்தேன்.

குழாய் இருமியது. காற்று வந்தது, செம்மண் வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டேன். பொங்கல் பொங்கும்போது போடுகிற அதே குலவை. ஒரு நொடி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அத்தனை பெண்களும் பதில் குலவை போட்டார்கள், அச்சு அசலாக அதே குலவை. அவர்களுக்கும் அது உண்டு என்று எனக்குத் தெரியாது, எனக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. மூச்சு முட்டும் வரை மாற்றி மாற்றிப் போட்டோம். நாய்கள் ஊரைவிட்டு ஓடின. என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

6

நேமா சொன்ன ஒன்பதாம் நாள், மழை முற்றிலும் நின்று கோடை கடுத்தபோது வந்தது.

இலவசம் என்று யாழினி அழகாக எழுதிக் கொடுத்த பலகையைப் படித்துவிட்டு, எங்கெங்கிருந்தோ மாட்டு வண்டிகள் வந்தன. பக்கத்தில் செங்கல் சூளை போடுகிறவர் பீப்பாய் பீப்பாயாக எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டால், பலகையைக் காட்டினார். குழாயைப் பார்த்துக்கொண்ட எலியாவுக்குக் கூலி இல்லை, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். திறந்த குழாயை மூட ஆள் இல்லை. தொட்டி நிரம்பவே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் வெறுமனே ஓடி, ஒருநாள் எரிந்தே போய்விட்டது.

மாமா ஸ்டெலா போன் செய்தபோது ஆற்று மணலில் இருந்துதான் பேசினார். சூளைக்காரர் மோட்டாரைத் தன் செலவில் மாற்றித் தருகிறாராம். பதிலுக்கு விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை தண்ணீர் அவருக்கு. ஊர்க் கூட்டம் சனிக்கிழமை. அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் பெண்களுக்குக் காலை வேளை குழிதான், ஸ்டெலாவின் சோளக்காட்டு மூலை சூளைக்காரரின் தொட்டிக்குப் போனதாகிவிடும். அதைத் தடுக்க ஸ்டெலாவிடம் ஒரே வழி இருந்தது. கேனுக்கு ஒரு சின்னக் காசு வைத்தால் மோட்டார்க் கடைக்காரர் தவணைக்குத் தரத் தயார். அதற்கு நன்கொடையாளர் நிபந்தனையை மாற்ற வேண்டும் என்கிறது தண்ணீர் அலுவலகம்.

கையெழுத்து நான் போட்டால் போதும். ஆனால் அண்ணனுக்குத் தெரியாமல் எப்படிப் போடுவேன்? சொன்னேன். அண்ணன் குரல் மாறிவிட்டது.

"அம்மன் பேரு எழுதுன தொட்டியில தண்ணிய விக்கிறதா? அப்புறம் நான் எந்த மூஞ்சியோட வீரபாண்டிக்குப் போவேன்? கொடுத்தவுக எல்லாம் என்ன சொல்லுவாக? இன்னொருக்கா வேணும்னா வசூல் பண்ணுவோம், மோட்டார் வாங்குவோம்."

அடுத்த வருஷம் மறுபடி எரிந்தால் என்று கேட்டேன். மறுபடி வசூல் பண்ணுவோம் என்றார். போனை வைத்துவிட்டார்.

7

நீங்கள் இரண்டு பேருமே பேசுங்கள் என்று அண்ணனையும் ஸ்டெலாவையும் வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோவில் இணைத்துவிட்டேன். என் சுவாஹிலியை நம்பினால் ஊர் முழுகிவிடும், யாழினியைத்தான் நடுவில் உட்கார வைத்தேன். முதல் நிமிஷமே குழப்பம். அவள் மாமா என்றால் காமயகவுண்டன்பட்டியில் என் அண்ணன் "சொல்லுத்தா" என்கிறார், ம்புயூனியில் ஸ்டெலாவும் பதில் சொல்கிறார். இருவருமே தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று விட்டுக்கொடுக்காமல் இருந்தார்கள். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் எல்லோருக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்திருந்தார், பின்னால் அவருடைய நெல் வயல் தெரிந்தது. ஸ்டெலா பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். வாய்க்காலிலிருந்து என்றார் அண்ணன். வாய்க்காலிலிருந்து வயலுக்கு யார் திருப்பிவிடுகிறார்கள் என்று கேட்டார். அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார், முறை வைத்துப் பாய்ச்சிவிடுவார் என்றார் அண்ணன். அவர் சும்மா செய்கிறாரா என்று ஸ்டெலா கேட்டார்.

"சும்மா எப்படிச் செய்வாரு? அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே அவருக்கு நெல் அளந்துருவோம்ல."

யாழினி சொல்லி முடித்ததும் ஸ்டெலா தலையாட்டினார். அப்படியானால் நீங்களும் தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றார். அதைத் தமிழில் சொல்ல யாழினி கொஞ்சம் திணறினாள்.

அண்ணனுக்குச் சுருக்கென்று பட்டது, படத்திலேயே தெரிந்தது. "தண்ணிக்கா கொடுக்குறோம்? அந்த ஆளு பாடுபடுறாருல்ல, அதுக்கு" என்று வேகமாக ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். யாழினி அதைச் சுவாஹிலிக்கு மாற்றவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை. எலியா என்று மட்டும் சொன்னார் ஸ்டெலா. அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பக்கம் ஸ்டெலாவும் சிரித்தார்.

"கேனுக்கு வாங்கட்டும், வண்டிக்கு ரெண்டு பங்கா வாங்கட்டும்" என்றார் அண்ணன். "ஆனா ஒண்ணு. நடந்து வர்றவுக கையில பிடிச்சுக் குடிச்சா, அதுக்கு வாங்கக் கூடாது. அது பந்தல்."

யாழினி இதைச் சொன்னபோது கைகளைக் குவித்துக் காட்டினாள். முடித்ததும் என்னிடம், "அம்மா, மாமா சூப்பரா பேசறாரு, நாம அங்க எப்ப போறோம்?" என்று கேட்டாள். எந்த மாமா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் இருட்டும் நேரத்துக்குத்தான் முடிந்தது. சூளைக்காரரும் நன்றாகத்தான் பேசினாராம். பெண்கள் எல்லோரும் காலிக் கேனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதால், கை தூக்கச் சொன்னபோது அவர்கள் கேனையே தூக்கினார்களாம். காசு வைப்பதென்று முடிவானது. நானும் நிபந்தனையை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன், மோட்டார் தவணைக்கு வந்தது. எலியா திரும்பி வந்தார். இப்போது சூளைக்காரரும் பீப்பாய்க்குக் காசு கொடுத்துத்தான் எடுத்துப் போகிறார்.

8

ஒரு வருஷம் ஆனதற்கு அழைத்திருந்தார்கள் என்று போன சனிக்கிழமை குடும்பத்தோடு போனோம். சாலையில் வண்டி நின்றுபோய், கடைசித் தூரம் வெயிலில் நடக்க வேண்டியதாயிற்று. நாக்கு ஒட்டிக்கொண்டது. தொட்டிக்குக் கீழே இரண்டு குழாய்கள். சுவரோரம் நடந்து வருகிறவர்களுக்கென்று இருந்த சின்னக் குழாயில் கையைக் குவித்துக் குடித்தேன், முகம் கழுவினேன், மறுபடி குடித்தேன். மண் வாடையே இல்லை. ஆட்டம் பாட்டமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, வழிக்கு ஆகட்டும் என்று பெரிய குழாயில் பாட்டிலைப் பிடித்து நிரப்பினேன்.

எலியா கையை நீட்டினார். விடைகொடுக்கிறார் என்று நினைத்து நானும் குலுக்கினேன். அவரும் மரியாதையாகக் குலுக்கிவிட்டு, மறுபடியும் கையை நீட்டினார்.

யாழினி என் காதருகே வந்தாள். "அம்மா, பாட்டிலுக்குக் காசு."

நான் வாயைத் திறந்தேன். இந்தக் குழாய் யாரால் வந்தது தெரியுமா என்று தொண்டை வரை வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி மாமா ஸ்டெலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைக் கவிழ்த்துத் தேடிக் கொடுத்தேன். எலியா துண்டுத்தாளில் ரசீது கிழித்துக் கொடுத்தார். அந்த ரசீதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் நடுவிலும் ஒரு சுற்றுச் சுற்றினேன். கணவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். வீரபாண்டிப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஒரே இரைச்சல்.

"அண்ணே, நம்ம குழாயில எங்கிட்டயே காசு வாங்கிட்டாக."

"நீ யாருன்னு சொல்லலியா?"

"சொல்லலண்ணே."

உறுமிச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் பந்தலில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது, ராணிகிட்டயே காசு வாங்கிட்டாகளாம் என்று. அங்கே எழுந்த சிரிப்பு ம்புயூனி வரைக்கும் வந்தது. அண்ணன் திரும்பி போனுக்கு வந்தார்.

"இனிமே அங்கன நீ விருந்தாளியா மட்டும் போத்தா. அது அவுக குழாய்."